பதினோரு பேர், பதினாறு குகை, ஒரு முழங்கால்!

ஆபீஸ் டூர் என்றால் அதற்கென்று ஒரு கணக்கு உண்டு. கான்டீனில் ‘நான் வர்றேன், நான் வர்றேன்’ என்று கை தூக்குகிறவர்களை எண்ணுங்கள். இரண்டால் வகுங்கள். அதிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். மிச்சம் வருவதுதான் புறப்படும் தினத்தன்று சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வந்து சேரும் தலைகள்.

எங்கள் கான்டீனில் தூக்கப்பட்ட கைகள் பதினொன்று. கணக்குப்படி நாலரைப் பேர் வந்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஏழு பேர். உபரியாக அந்த இரண்டரைப் பேர் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐடியா என்னுடையது. “எல்லாரும் ஊட்டிக்கு ரயில்ல போறாங்க. நாம அந்த ரயில் பாதையை ஒட்டி நடந்தா என்ன?” என்று ஒரு செவ்வாய்க்கிழமை வாய் தவறிக் கேட்டுவிட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி நீட்டியதும் கம்ப்யூட்டர் ரூம் பையனுக்குக் கண் பளபளத்தது. “ஸார்... குகைக்குள்ள நடந்து போற மாதிரி ஒரு வீடியோ! ஸ்லோ மோஷன்ல!” என்றான். அவனுக்கு வாழ்க்கையே ஸ்லோ மோஷன்தான். இன்வாய்ஸ் அடிக்கக் கொடுத்தால் தெரியும்.

உடனே வாட்ஸ்அப்பில் ஒரு குரூப். முதல் நாளே 140 மெசேஜ். அதில் 138 மட்டன் பிரியாணி எங்கே கிடைக்கும் என்பதைப் பற்றி.

முதலில் போட்ட பிளான் இது: கல்லாறிலிருந்து தண்டவாளத்தின் மேலேயே நடப்பது. ஆடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி ரோடு என்று ஒவ்வொரு ஸ்டேஷனாகத் தொட்டுக்கொண்டு குன்னூரில் போய் ஏறுவது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். யாரோ எப்போதோ அப்படி நடந்து போட்ட படங்களைப் பார்த்துவிட்டு, நானும் அது அனுமதிக்கப்பட்ட சமாசாரம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. ஆளுக்கு ஆயிரம் ரூபாய் அட்வான்ஸும் வசூல் பண்ணியாயிற்று.

வசூல் பண்ணியது ஆடிட் செக்‌ஷன்காரர். (பெயர் வேண்டாம். செக்‌ஷன் பெயரே போதும், ஆளை அடையாளம் கண்டுகொள்ளலாம்.) எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவர் தொழில். “பர்மிஷன் லெட்டர் எங்க?” என்றார்.

“எதுக்கு ஸார் பர்மிஷன்? நடக்கறதுக்கா?”

“தண்டவாளம் யாருது? உங்க மாமனார்துதா?”

தேடிப் பார்த்தால் மனிதர் சொன்னது சரி. ரயில்வே சட்டம், 147-வது பிரிவு. அனுமதியில்லாமல் ரயில் பாதையில் நுழைவது குற்றம். அபராதம் போடலாம், சிறைக்கும் அனுப்பலாம். போதாததற்கு, கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பாதை போவது காட்டுக்குள். யானை நடமாடும் காடு. வனத்துறை அனுமதியில்லாமல் அங்கே கால் வைப்பது தனிக் குற்றம். ஆக, ஒரே நடையில் இரண்டு கேஸ்!

“யார் ஸார் பார்க்கப் போறா? விடிகாலையில நுழைஞ்சா, பத்து மணிக்குள்ள குன்னூர்” என்றார் ஸ்டோர்ஸ். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்க்கு ஏற்கெனவே ஷூ வாங்கியிருந்தவர். அவர் கவலை அவருக்கு.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ராத்திரி பூரா நானும் அந்த ‘யார் பார்க்கப் போறா?’ பக்கம்தான் சாய்ந்திருந்தேன். பதினோரு பேரிடம் போய் ‘பிளான் கேன்சல்’ என்று சொல்வதை விட யானையே தேவலை என்றிருந்தது. தடுத்தது குரங்கணி. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி இறந்தவர்கள் இருபதுக்கும் மேல். வார விடுமுறைக்கு மலையேறப் போனவர்கள். நம்மைப் போலவே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, திங்கட்கிழமை சீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பியவர்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தமிழக அரசு தனி விதிமுறைகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரிலிருந்து ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் வனத்துறையே வழிகாட்டியோடு அழைத்துப் போகிறது. நாற்பது பாதைகளோடு ஆரம்பித்தார்கள். ஊட்டிப் பக்கம் கெய்ர்ன் ஹில், கோத்தகிரிப் பக்கம் லாங்வுட் சோலை எல்லாம் அதில் உண்டு. காட்டுக்குள் நடந்தே தீருவேன் என்கிறவர்கள் அந்த வழியில் போகலாம். எனக்கு என் ரயில் வேண்டியிருந்தது.

மறுநாள் குரூப்பில் ‘தண்டவாளத்தில் நடக்கப் போவதில்லை’ என்று போட்டேன். ஐந்து நிமிஷத்தில் மூன்று பேர் ‘லெஃப்ட்’. நான்காவது ஆள் மட்டும் தனியாகப் போன் செய்தார். டெஸ்பாட்ச் அண்ணாச்சி.

அண்ணாச்சிக்கு ஐம்பத்தொன்பது வயது. அம்பாசமுத்திரத்துக்காரர். எங்கள் ஆபீஸில் முப்பத்து நாலு வருஷமாகத் தபால்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார். ஊர் ஊராகக் கவர் அனுப்பியவர், மதுரையைத் தாண்டினால் சென்னை, சென்னையைத் தாண்டினால் மதுரை. வேறெங்கும் போனதில்லை. அடுத்த மாதம் ரிட்டயர்மென்ட். வலது முழங்காலில் தேய்மானம்.

“தம்பி, நானும் விலகிக்கிடுதேன். நீங்கள்லாம் எளவட்டம். எனக்காவ நீங்க மெதுவா நடக்க, அதைப் பாத்து நான் வெசனப்பட... எதுக்கு? ஆயிரம் ரூவாயத் திருப்பித் தரவும் வேண்டாம். போயிட்டு வந்து போட்டோ காட்டுங்க, போதும்.”

இதை அவர் வருத்தமாகச் சொல்லியிருந்தால் கூட ‘சரி அண்ணாச்சி’ என்றிருப்பேன். சந்தோஷமாகச் சொன்னார். அதுதான் தூக்கத்தைக் கெடுத்தது.

அன்றைக்கு மறுபடியும் மேப்பை விரித்தபோதுதான் இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்று பட்டது. கல்லாறு - குன்னூர் காடு என்றால், குன்னூருக்கு மேலே கதை வேறு. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி என்று கிட்டத்தட்ட 18 கிலோமீட்டருக்குள் வரிசையாக ஊர்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு குட்டி ஸ்டேஷன். ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் தூரமும் அதிகமில்லை. ஊட்டி - லவ்டேல் 4, லவ்டேல் - கேத்தி 4, கேத்தி - அரவங்காடு 6, அங்கிருந்து வெலிங்டன் சுமார் 3, வெலிங்டனிலிருந்து குன்னூர் ஒன்றிரண்டு. தண்டவாளக் கணக்கு இது. ரோடு கொஞ்சம் சுற்றும். ஆனால் எல்லோரும் நடக்கிற பொது ரோடு, யாரிடமும் பர்மிஷன் கேட்க வேண்டாம். அடிக்கடி பஸ்.

மற்ற மலைகளில், முழங்கால் வலிக்காரன் பாதி வழியில் உட்கார்ந்தால் மொத்தக் கும்பலும் உட்கார வேண்டும். இங்கே அப்படியில்லை. வலிக்கிறவன் ரயில் ஏறி அடுத்த ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். நடக்கிறவன் அங்கே வந்து சேர்ந்துகொள்ளலாம். ஏழு பேருக்கு ஏழு விதமான கால்கள் இருந்தாலும் ராத்திரி ஒரே இடத்தில் ஒரே சாப்பாடு. பொடிநடையும் ரயிலும் ஜோடி சேர்ந்தால் கிடைக்கிற இந்தச் சௌகரியத்தை வேறெந்த மலையிலும் நான் பார்த்ததில்லை. (நான் பார்த்த மலைகள் மொத்தம் நாலு. அதில் ஒன்று பரங்கிமலை.)

பிளானை மாற்றிப் போட்டேன். கிலோமீட்டரை வைத்து அல்ல, ரயில் நேரத்தை வைத்து. இது ரொம்ப முக்கியம். மேல் மலையில் ஓடுவது நாளைக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய ரயில்கள்தான். டயம் டேபிளை முதலில் எழுதிவிட்டு, நடையை அதற்குள் பொருத்த வேண்டும். ‘மணிக்கு அஞ்சு கிலோமீட்டர் அசால்ட்டா நடப்பேன்’ என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஊட்டி 2,200 மீட்டர் உயரம். சென்னைக்காரன் நுரையீரல் அங்கே இரண்டாவது கியரில்தான் போகும். டீ, போட்டோ, ஷூ லேஸ் எல்லாம் சேர்த்து மணிக்கு மூன்று கிலோமீட்டர் என்று வைத்தேன். அதுவே அதிகம் என்று பிறகு தெரிந்தது.

மாதம் எது என்பதில் இன்னொரு சண்டை. ஏப்ரல், மே என்றால் ஊரே அங்கேதான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண் சரிந்து ரயிலையே நிறுத்திவிடுவார்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள், ரயில் பாதையும் சிதைந்தது. டிசம்பர், ஜனவரி என்றால் விடிகாலையில் புல் மேல் உறைபனி. எனவே பிப்ரவரி. மதியம் இளம் வெயில், ராத்திரி பல் தந்தியடிக்கும் குளிர்.

சொந்த வண்டியில் போகிறவர்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் உண்டு. நமக்கு ரயில், பஸ் என்பதால் அந்த வம்பு இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் கூடாது. வீட்டிலிருந்து சில்வர் பாட்டில் எடுத்துப் போக வேண்டும். பர்ச்சேஸ் செக்‌ஷன் இரட்டையர் இருவரும் எல்.கே.ஜி. குழந்தைகளின் வாட்டர் பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்து நின்ற கோலம் இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அண்ணாச்சியிடம் பிளானைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தபாலைப் பார்ப்பது போல மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நான் ரயில்ல போயி உங்களுக்கு முன்னால எறங்கி நிப்பேன். அப்படித்தானே?”

“அப்படித்தான் அண்ணாச்சி.”

“அப்ப நான் இல்லவே லேட்டு... நீங்கள்லாம்ல லேட்டு!” என்று சொல்லிவிட்டு முத்திரைக் கட்டையை ஓங்கி ஒரு குத்து குத்தினார். சம்மதம் என்று அர்த்தம்.

அண்ணாச்சி வருகிறார் என்று தெரிந்ததும் ‘எனக்கு மூச்சு வாங்கும்’ என்று பின்வாங்கியிருந்த பர்ச்சேஸ் இரட்டையர் திரும்பி வந்தார்கள். அண்ணாச்சி ஒன்று, இரட்டையரில் ஒருவர் இன்னொன்று. மற்றவர் வருவதாகச் சொல்லி மனைவியிடம் அனுமதி பாக்கியிருந்ததால் அரை. ஆக இரண்டரை. கணக்கு சரியாகிவிட்டதா?

நீலகிரி எக்ஸ்பிரஸ் விடிகாலையில் மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டது. எதிர்ப் பிளாட்பாரத்தில் நீலமும் கிரீமுமாக மலை ரயில். 7.10-க்குக் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர பகல் பன்னிரண்டு ஆகிவிடும். 46 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம்! டிக்கெட்டை முன்பதிவு திறந்த உடனே போட்டுவிட வேண்டும். நாங்கள் ஆடிட் ஸாரை அலாரம் வைத்து எழுப்பி உட்கார வைத்தோம்.

கல்லாறு தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, ‘கடகட’வென்று வேறு சத்தம் போட ஆரம்பித்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டங்கள் இரண்டு. இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. பன்னிரண்டு அடி போனால் ஒரு அடி ஏற்றம். இன்ஜின் முன்னால் நின்று இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக்ஸ்மேன், கையில் கொடியோடு. அதற்குரிய நீராவி இன்ஜின்களை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கொண்டுவந்தார்கள். பிற்பாடு நம் திருச்சி பொன்மலையிலேயே செய்தார்கள். 1854-லேயே பேச்சு ஆரம்பித்து, 1899-ல் குன்னூர் வரை வண்டி விட்டு, ஊட்டியைத் தொட 1908 ஆகிவிட்டது. நம் ஆபீஸ் ஃபைல் பரவாயில்லை என்று தோன்றுகிறதல்லவா? 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நாங்கள் நடக்கத் திட்டம் போட்டிருந்த அதே பாதை. பாலம் வந்தது. கீழே பள்ளத்தாக்கு, தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ஒதுங்க இடமில்லை. சட்டங்களின் இடைவெளியில் அடி ஆழம் தெரிந்தது. பாலம் முடிந்ததும் குகை. பெட்டிக்கும் பாறைக்கும் நடுவே என் கை நுழையும், நான் நுழைய முடியாது. பதினோரு பேர் வரிசையாக இதற்குள் நடந்துகொண்டிருக்கும்போது பின்னால் அந்த ‘கடகட’ கேட்டால்... ஸ்டோர்ஸ்காரர் எதிர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். புது ஷூவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

ஹில்குரோவில் வண்டி தண்ணீர் குடிக்க நின்றது. பிளாட்பாரத்தில் குரங்குகள். அண்ணாச்சியின் கையிலிருந்த வடையை ஒன்று பிடுங்கிக்கொண்டு போனது. “எடுத்துக்கிடட்டும், அது ஊருக்கு நாம வந்திருக்கோம்” என்றார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஊட்டியிலிருந்து ஆறு பேர் நடையாகக் கிளம்பினோம். ஆளுக்கு ஒரே ஒரு தோள்பை. அதற்கு மேல் கொண்டுவந்தால் சுமப்பது அவரவர் பாடு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். அண்ணாச்சி காலை ரயிலில் வருவதாக ஏற்பாடு. ஃபெர்ன்ஹில் வழியாக ரோடு மெல்ல வளைந்து போனது. யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏற, காது மடல் விறைத்துப் போயிற்று. லவ்டேல் ஸ்டேஷனை நெருங்கும்போதே ஸ்டோர்ஸின் வலது குதிகால் கொப்புளித்துவிட்டது. புது ஷூவைப் பயணத்தன்று முதல்முதலாகப் போடாதீர்கள் என்று அவரே இப்போது எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒரு டிக்கெட் எடுத்துக்கொண்டு லவ்டேலிலேயே ஏறிவிட்டார், அண்ணாச்சி பக்கத்தில்.

லவ்டேலைத் தாண்டினால் கேத்திப் பள்ளத்தாக்கு. இதற்காகவே நடக்கலாம். படிப்படியாக வெட்டிய சரிவுகளில் காரட்டும் உருளைக்கிழங்கும் முட்டைக்கோஸும். நடுநடுவே வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளோடு படுகர் ஹட்டிகள். ரயிலில் போகும்போது இது ஒரு ஜன்னல் அளவுக்குத்தான் தெரியும், அதுவும் எதிர் சீட்டுக்காரர் தலை மறைக்காவிட்டால். நடக்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது. காரட் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, நாங்கள் கேட்காமலே ஆளுக்கு ஒன்று கொடுத்தார். மண் வாசனையோடு தின்றோம்.

தூரத்தில் ஹாரன். எதிர்ச் சரிவில் பொம்மை மாதிரி ரயில் வளைந்து போனது. ஒரு ஜன்னலில் மட்டும் வெள்ளைத் துண்டு ஆடியது. அண்ணாச்சிதான். நாங்கள் ஐந்து பேரும் ரோட்டில் நின்று பைத்தியம் மாதிரிக் கையாட்டினோம்.

கேத்தி ஸ்டேஷன் பெஞ்சில் ஃபிளாஸ்கும் ஊட்டி வர்க்கியுமாக அண்ணாச்சி காத்திருந்தார். 1982-ல் வந்த ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சி எடுத்தது இங்கேதான். சொல்லி வாய் மூடுவதற்குள் கம்ப்யூட்டர் ரூம் பையன் தலையில் சில்வர் பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு குட்டிக்கரணம் போட ஆரம்பித்துவிட்டான். ரயிலுக்குக் காத்திருந்த இரண்டு பாட்டிமார்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பிற்பகல் ரயிலில் குன்னூர், ராத்திரி தங்கல். மூன்றாம் நாள் கேத்தி - அரவங்காடு நடையை வெட்டிவிட்டோம். மெயின் ரோட்டில் லாரிப் புகைக்கு நடுவே நடக்க வேண்டும் என்று வேண்டுதல் ஒன்றும் இல்லை. பஸ்ஸில் அரவங்காடு போய் இறங்கி, அங்கிருந்து வெலிங்டன் வழியாக குன்னூர். அரவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, வெலிங்டனில் ராணுவம். இந்தப் பகுதியில் போனைப் பைக்குள் வைத்துவிடுவது உத்தமம்.

அன்றைக்கு அண்ணாச்சி ரயிலில் வருவதாகத்தான் ஏற்பாடு. வெலிங்டன் ஸ்டேஷனில் எங்களைப் பார்த்ததும் பெஞ்சை விட்டு எழுந்தார். “கடேசி ஸ்டேசனை நான் நடக்கேன். நீங்க வேணும்னா ரயில்ல வாங்க, நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்.”

யாரும் ரயில் ஏறவில்லை. இருபது நிமிஷத்தில் முடிய வேண்டிய தூரத்தை ஒரு மணி நேரம் நடந்தோம். பத்தடிக்கு ஒரு தரம் நின்று, “அது என்ன மரம் வே?” என்று கேட்பார். எங்களுக்குத் தெரியாது. அவரும் முழங்காலைத் தேய்த்துக்கொள்ளத்தான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஸ்டோர்ஸ்காரர் கையில் ஷூவும் காலில் ஹவாய் செருப்புமாக அவரோடு சேர்ந்து நின்று மரங்களை ஆராய்ந்தார்.

குன்னூரில் மேட்டுப்பாளையம் ரயிலைப் பிடித்து, ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ். அதற்குள் ஆடிட் ஸார் கணக்கை முடித்துவிட்டார். ஆளுக்கு இவ்வளவு என்று பைசா சுத்தமாகப் பிரித்தும் நாற்பது ரூபாய் இடித்தது. அண்ணாச்சி ரிட்டயரான அன்றைக்கு மாலை போடும்போது கூட அவர் காதில் போய், “கேத்தியில அந்த வர்க்கி வாங்கினீங்களே, அது குரூப் செலவா, உங்க சொந்தச் செலவா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.